தாகமெடுக்காத பேட்டரி

அக்டோபர் 9, 1957. புதன்.

வெயில் குறையவில்லை. மேற்கே மேகம் கூடுகிறது, கலைகிறது.

காலையில் கார் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டரை இழுத்தால் ஒரு முனகல். அப்புறம் அதுவும் இல்லை. ஹாண்டில் போட்டுச் சுற்றினேன். உதைத்தது. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. தையல் போடுகிற கை. ஆத்திரத்தில் டயரை உதைத்தேன், கால் விரலும் போச்சு. கடைசியில் எதிர் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து தள்ளிவிட்டார்கள். "டாக்டரம்மா காரைத் தள்ளுதது தெனசரி பூசை மாதிரி ஆயிப்போச்சு அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

செய்ய வேண்டியவை: பஞ்சு, டிங்சர் வாங்க. மைதீன் பாயிடம் பேட்டரியைக் காட்ட. பெருமாள்பட்டி போய் அலமேலுவைப் பார்க்க.

அலமேலுவை நினைத்தால்தான் பயம். இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை. நான் இந்த ஊருக்கு வருமுன் நடந்தவை. இரண்டு தடவையும் ரத்தப்போக்கு. இரண்டாவது குழந்தை டவுனுக்குக் கொண்டுவரும் வழியில் மாட்டுவண்டியிலேயே போய்விட்டது. அதனால் இந்தத் தடவை வீட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். இங்கே ஆஸ்பத்திரியில் வந்து இரு என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவதோடு சரி. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க அந்த வெளிச்சத்தோட வாங்க."

வெளிச்சம் என்றால், வாசலில் காரை நிறுத்தி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, வீட்டுக்குள் ஒரு பல்பு தொங்கவிடுவேன். அந்த ஊரில் கரண்ட் கிடையாது. வீடுகளில் ஜன்னலும் கிடையாது. சித்திரையில் பக்கத்து வீட்டுப் பிரசவத்தில் அந்தப் பல்பைப் பார்த்திருக்கிறாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் நாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். மழை விழுந்த கரிசலில் காரைத் தள்ள முடியாது. தள்ளுகிறவன் காலையே பிடுங்க முடியாது. பேட்டரி நன்றாக இருந்தாக வேண்டும்.

அக். 11. வெள்ளி.

மைதீன் பாய் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆசிட் நெடி வழி காட்டும். அவருடைய சட்டை, கைலி எல்லாம் சல்லடை. ஆசிட் தெறித்த ஓட்டைகள். புதுச் சட்டை போட்டால் பேட்டரிக்குப் பிடிக்காது என்பார்.

கண்ணாடிக் குழாய் ஒன்றை பேட்டரியின் துளைக்குள் விட்டு ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சினார். உள்ளே சின்ன மிதவை. நீர் கனமாக இருந்தால் மேலே நிற்கும், நீர்த்துப்போயிருந்தால் இறங்கும். அட, நாங்கள் மூத்திரம் பார்க்கிற கருவியேதான்! சொன்னேன். பாய் ஒரு நிமிஷம் அந்தக் குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

ஆறு துளையிலும் மிதவை அடியில் போய் உட்கார்ந்தது. ஆசிட் செத்துவிட்டதாம். பிளேட்டுகளில் வெள்ளை பூத்திருக்கிறது. அடித்தட்டு அரித்து, ஒயர் மாட்டுகிற கம்பங்களில் பச்சைக் களிம்பு. வாங்கியது போன வருஷச் சித்திரை. இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு, இரண்டரை வருஷமாவது ஓட வேண்டும் என்றார்.

எனக்கு ரோஷம். கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்துவிடக் கூடாதே. ஊசிக்குக் காய்ச்சி இறக்கி வைத்திருக்கிற வாலைத்தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், அதுவும் இந்தச் சித்திரையில் ஊற்றியதுதான் கடைசி, அப்புறம் எப்போது திறந்து பார்த்தாலும் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது, என் பேட்டரிக்குத் தாகமே எடுப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த வெயில்ல தண்ணி குடிக்காத பேட்டரி உலகத்துலயே கெடையாதும்மா."

வேறு யாரும் தொடுவதில்லையே. கார் ஷெட்டின் சாவி என்னிடம்.

ஓரளவு சார்ஜ் ஏற்றித் தருகிறேன், பத்து நாள் ஓட்டலாம், அதற்குள் புதுசு பார்ப்போம் என்றார். பலகையில் வரிசையாகச் சிவப்பு பல்புகள், அதன் வழியாகக் கரண்ட். கொஞ்ச நேரத்தில் துளைகளுக்குள் குமிழி. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஈயத் தகடு, புளித்த தண்ணீர், ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே நெருப்பு இல்லை, சுற்றுகிற சக்கரம் இல்லை. இதற்குள்ளிருந்துதான் சித்திரையில் அந்த வீட்டுச் சுவரெல்லாம் வெளிச்சமாச்சு. இதயத்தைக் கையால் தொட்டுப் படித்தவள் நான். அது முதல் தடவை ஏன் துடிக்கிறது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த அதே மலைப்பு இந்த ஆசிட் நாற்றத்தில் வந்தது. நல்ல வேளை, பாய் கவனிக்கவில்லை.

கடையில் பேச்செல்லாம் ருஷ்யாக்காரன் வானத்தில் ஏற்றிய உருண்டையைப் பற்றி. அது கீச் கீச்சென்று சத்தம் போடுவது ரேடியோவில் கேட்கிறதாம். உள்ளே பேட்டரி இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பாய் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார், "அங்கன அதுக்கு யாரு தண்ணி ஊத்துதா?"

அக். 14. திங்கள்.

தாகமெடுக்காத மர்மம் தெரிந்துவிட்டது. இன்னும் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

பெருமாள்பட்டி போனேன். அலமேலு நலம். தலை இறங்கியிருக்கிறது. கால் வீக்கம் இல்லை. சோகை கொஞ்சம் தேவலை. பரிசோதித்துவிட்டு வெளியே வந்தால் காரின் மூடி திறந்து கிடக்கிறது. அலமேலுவின் மாமியார் ரெங்கம்மா கையில் செம்பு, இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். ரேடியேட்டருக்கு ஊற்றி முடித்தாச்சு. பக்கத்தில் பேட்டரி. ஆறு மூடியையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணியில் பரப்பியிருக்கிறாள். ஒவ்வொரு துளையிலும் செம்புத் தண்ணீர். மெதுவாக, சிந்தாமல், விளிம்பு வழிகிற வரை.

எவ்வளவு நாளாக இது? சித்திரையிலிருந்து. ஒவ்வொரு தடவை நான் வரும்போதும்!

இந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. யார் வந்தாலும் முதலில் வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் ஆளுக்குக் கொடுப்பார்கள். கொடுத்தால் நிறையக் கொடுக்க வேண்டும். குறைசெம்பு கொடுப்பது வந்தவரை அவமதிக்கிற காரியம். என் காருக்கும் அதே மரியாதை நடந்திருக்கிறது. நான் உள்ளே நோயாளியைப் பார்க்கிற நேரமெல்லாம் இங்கே உபசாரம்.

"நீங்க ஒரு நாள் சீசாவுல கொஞ்சூண்டு ஊத்துனீங்க தாயி. பாத்துக்கிட்டு இருந்தேன். அம்புட்டுத் தூரம் ஓடி வருது, அதுக்கு அவ்வளவுதானான்னு மனசு கேக்கல."

அதுவும் எந்தத் தண்ணீர்! ஊர்க் கிணறு உப்பு. இது ஊருணித் தண்ணீர். இரண்டு மைல் போய், ஊறுகிற வரை காத்திருந்து, தலையில் சுமந்து வருவது. வீட்டில் உலைக்கும் குடிக்கவும் மட்டும் எடுக்கிறது. அதை என் பேட்டரிக்கு ஊற்றியிருக்கிறாள். வழிந்ததெல்லாம் ஆசிட். உள்ளே சேர்ந்ததெல்லாம் ஊருணி. ஆறு மாதத்தில் அதன் கதையை முடித்துவிட்டாள்.

கோபம் தொண்டை வரை வந்தது. நிஜமாக வந்தது. அவள் இடுப்புக் குடத்தைப் பார்த்தேன். கோபம் அங்கேயே நின்றுவிட்டது. இந்த வறட்சியில் எனக்கு இப்படி ஒருத்தர் எதையாவது கொடுத்திருக்கிறார்களா என்று யோசித்தால் நினைவு வரவில்லை.

சொல்லாமலும் இருக்க முடியாதே. உட்கார வைத்துச் சொன்னேன். இதற்குக் கொஞ்சம்தான் வேண்டும், தகடு நனைந்தால் போதும். எந்தத் தண்ணீரும் ஆகாது. வாலையில் இறக்கியது, இல்லையென்றால் மண்ணில் படாத மழைத்தண்ணீர், அதுவும் பித்தளையில் பிடிக்கக் கூடாது. மகனிடம், அலமேலுவின் புருஷன் ராமசாமியிடம், தங்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். "நீள்ளு, நீள்ளு" என்று தண்ணீரைச் சொன்னது மட்டும் புரிந்தது. முகம் வாடிப்போச்சு. "அப்பம் நாந்தான் கெடுத்தேனா?" என்றாள். நான் பல்பு எரித்ததும் ஒரு காரணம், பேட்டரி கிழடாகிவிட்டது என்றெல்லாம் சமாளித்தேன். நம்பவில்லை.

அக். 17. வியாழன்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஊருணித் தண்ணியா" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

புதுசு வாங்கும் யோசனை. பழைய பெட்டிக்குள் வேறு பிளேட் கட்டித் தருவார், சல்லிசு. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் சொல்ல முடியாது. லாரி பேட்டரி ஒன்று தயாராக இருக்கிறது, பலசாலி. என் காரின் தட்டில் உட்காராது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் காரை மாற்றுகிறார், அதிலிருந்து கழற்றியது கிடைக்கும். அடுத்தவர் எப்படி வைத்திருந்தார் என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம்.

மதுரையிலிருந்து புதிது. பதினோரு பிளேட். கடையில் ரொம்ப நாள் தூங்கிய சரக்காக இருக்கக் கூடாது, பெட்டியில் குத்தியிருக்கும் மாதத்தைப் பார்த்து வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். காய்ந்த நிலையில் வரும். இங்கே ஆசிட் ஊற்றி முதல் சார்ஜ். அதை அவசரப்படாமல் மெதுவாக ஏற்ற வேண்டும், மொத்த ஆயுசும் அதில்தான் இருக்கிறது என்றார். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிற மாதிரியா என்று கேட்டேன். அதே என்றார்.

எனக்கும் புத்திமதி: பல்பு எரியும்போது என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். ஊருக்குள் அரை மைல், கால் மைல் ஓட்டுவதில் சார்ஜ் ஏறாது, எடுத்தது திரும்ப வராது. கம்பங்களைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவி வாஸ்லின் தடவ வேண்டும். இரண்டும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை?

அக். 19. சனி.

தூறல். புழுதி வாசனை. மதுரை பார்சல் வரவில்லை. பழையது மறுபடி படுத்துவிட்டது. டீக்கடை ஆட்கள் கூப்பிடாமலே எழுந்து வந்தார்கள்.

மணிக்கட்டு பரவாயில்லை. தலையணை உறை தைக்கக் கொடுக்க வேண்டும்.

அலமேலுவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அக். 22. செவ்வாய். தீபாவளி.

நேற்றிலிருந்து நல்ல மழை. பட்டாசெல்லாம் நமுத்துப்போச்சு. தெருப் பிள்ளைகள் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை. கடம்பூர்ப் போளி ஒரு டப்பா வந்தது. யார் அனுப்பினார்களோ, இரண்டு தின்றேன்.

பேட்டரி வந்துவிட்டது! பாய் கடை திறந்திருந்தது. ஆசிட் ஊற்றுகிறபோது நானும் இருந்தேன். காய்ந்த தகடுகள் உறிஞ்சுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகச் சுட ஆரம்பித்தது. அடுப்பு இல்லை, ஒன்றுமில்லை. கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிச் சூடு. எடுக்க மனசில்லாமல் வைத்தபடியே நின்றேன்.

வெள்ளிக்கிழமை வரை தொடக் கூடாது என்று உத்தரவு.

அக். 25. வெள்ளி.

நேற்று எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. இன்று எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நானே நம்பமாட்டேன்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் ராமசாமி வந்தான். முழுக்க நனைந்திருந்தான். விடியலிலிருந்து அலமேலுவுக்கு வலி. பாய் கடைக்கு ஓடினேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. "இன்னும் வேகலைம்மா. இப்பம் எடுத்தா இதுக்கு ஆயுசு கொறைஞ்சிரும்" என்றார். ராமசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரே ஒயரைக் கழற்றி, பேட்டரியைக் காரில் வைத்துக் கட்டினார். ஒரே இழுப்பில் என்ஜின் பிடித்தது.

கழுகுமலை ரோட்டில் சிரமம் இல்லை. ஊருக்குத் திரும்புகிற வண்டிப்பாதையில் பத்துக் கஜம்கூடப் போகவில்லை. சக்கரம் புதைந்து கார் நின்றுவிட்டது. முன்னே ஒரு மாட்டுவண்டியும் அச்சு வரை இறங்கிக் கிடந்தது. எனக்காக அனுப்பிய வண்டி. அங்கிருந்து ஊர் ஒன்றரை மைல் இருக்கும். நடந்துவிடலாம். பையைத் தூக்கிவிடலாம். வெளிச்சம்?

ரெங்கம்மாவும் இரண்டு பெண்களும் கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்த கொங்காணியோடு அங்கே காத்திருந்தார்கள். பேட்டரியைக் கழற்று என்றேன். ராமசாமி கயிறு போட்டுக் கம்பில் தொங்கவிடலாம் என்றான். ஆடும், சாயும், ஆசிட் வழியும், கண்ணில் பட்டால் கண் போச்சு. கூடாது என்று கத்தினேன். மழையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

ரெங்கம்மா துணி ஒன்றைச் சுருட்டினாள். சும்மாடு. தலையில் வைத்து, "தூக்கி வைங்க" என்றாள்.

உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, தோலைத் தின்றுவிடும், தெறித்தால் முகம் வெந்துபோகும் என்று பதறினேன். அவள் என்னை அமைதியாகப் பார்த்தாள்.

"பதினோரு வயசுல கொடம் எடுத்தேன் தாயி. நான் சிந்தி யாராச்சும் பாத்திருக்காகளா?"

வைத்தோம். மேலே எண்ணெய்த் துணி, அதன் மேல் கோணி. நடந்தாள். கரிசல் முழங்கால் வரை. ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுத்து வைக்க வேண்டும். நான் மூன்று தடவை விழுந்தேன். ராமசாமி விழுந்தான். அவள் காலும் இடுப்பும் என்னென்னவோ செய்தன. கழுத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. தலையில் பெட்டி, மேடையில் வைத்தது போல நின்றது. இரண்டு பெண்களும் இரு பக்கமும் வந்தார்கள். தாங்குவதற்குக் கைகூட நீட்டவில்லை. அவசியமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் படித்த சரீர சாஸ்திரத்தில் இதற்கு எந்தப் பக்கத்தில் விளக்கம்? பின்னாலேயே போனேன், வாய் பிளந்தபடி. மழைத்தண்ணீர் வாய்க்குள் போனது.

வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. மழைக்குக் கதவும் அடைத்திருந்தது. பல்பை மாட்டினேன். எரிந்தது. அலமேலு வலியோடு வலியாகத் திரும்பி அதைப் பார்த்தாள். "வந்துட்டியளா" என்றாள். என்னையா பல்பையா, தெரியாது.

மதியத்துக்கு மேல் பெண் குழந்தை. அழ ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. முதுகில் தேய்த்தேன். அப்புறம் வீடே அதிரும்படி அழுதது.

உடனே ரத்தம். நான் பயந்த அதே ரத்தம். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்துவிட்டது. ஊசி போட்டேன், கருப்பை கல் மாதிரி சுருங்கியிருக்கிறது. ஆனாலும் நிற்கவில்லை. அப்படியானால் உள்ளே எங்கோ கிழிசல். இதற்கு முன் இரண்டு தடவையும் இருட்டில் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. ரெங்கம்மாவைப் பல்பைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். அதுவும் ஆடவில்லை. இடது ஓரத்தில் தெரிந்தது. தைத்தேன். கடைசித் தையலில் நின்றது. அலமேலுவின் நாடி மெல்ல மெல்ல என் விரலுக்குத் திரும்பியது. பல்பு ஒரு தடவைகூட மங்கவில்லை.

அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் அலமேலு கஞ்சி குடித்தாள். பிள்ளை பால் குடிக்கிறது. திரும்புகிறபோதும் பேட்டரி ரெங்கம்மா தலையில்தான். காரில் மாட்டினதும் ஒரே இழுப்பு. பதினைந்து ஆள் சேர்ந்து பின்பக்கமாக ரோட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அக். 26. சனி.

உடம்பெல்லாம் வலி. இரண்டு செருப்பும் கரிசலில் போச்சு.

பேட்டரி மறுபடி பாய் கடையில், மிச்ச சார்ஜுக்கு. மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஆறிலும் ஒரே மட்டம். பெட்டியின் மேல் ஆசிட் ஈரம் இல்லை. கம்பங்களைத் தடவி விரலை முகர்ந்தார். தலையில் வைத்து வந்ததைச் சொன்னேன். மறுபடி ஒரு தடவை ஆறு துளையையும் குனிந்து பார்த்தார். கடைசியில், "அவிய இங்கன வந்தா கடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆயுசில் ஆறு மாதம் குறையலாம் என்கிறார். குறையட்டும்.

அக். 30. புதன்.

மழை விட்டிருக்கிறது. சுள்ளென்று வெயில். ருஷ்யா உருண்டையின் சத்தம் நின்றுவிட்டதாம், பேட்டரி தீர்ந்துபோச்சு என்று பேப்பரில். இன்னும் சுற்றுகிறதாம், சத்தமில்லாமல். பாயிடம் சொல்ல வேண்டும்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ரெங்கம்மா. பிள்ளை நன்றாக இருக்கிறது, அலமேலு எழுந்து நடக்கிறாள். தலையில் ஒரு ஊறுகாய் ஜாடி, பீங்கான். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இறக்கி என் மேஜை மேல் வைத்தாள்.

மழைத் தண்ணீர். முதல் மழையை விட்டுவிட்டு, அப்புறம் பெய்ததை வெட்டவெளியில் ஜாடியை வைத்துப் பிடித்திருக்கிறாள். ஓட்டில் பட்டதில்லை, மண்ணில் பட்டதில்லை, பித்தளையும் தொடவில்லை. வீட்டில் ஒருத்தரையும் கிட்டே வரவிடவில்லையாம். ரோடு வரை நடந்து, பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

துணியை அவிழ்த்தேன். விளிம்போடு விளிம்பாக நிறைந்து நின்றது. மூச்சு விட்டால் வழியும். அவளைப் பார்த்தேன்.

"பேட்டரிக்குத்தான் கொஞ்சமா ஊத்தச் சொன்னீங்க" என்றாள் ரெங்கம்மா. "ஜாடிக்கு ஒண்ணும் சொல்லலையே."